எண்பது என்றால் எதில் எண்பது?

எடைமேடையில் லாரி நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். புரோக்கர் ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாலாக மடித்திருந்த தாளை மேசைமேல் விரித்தார்.

“ஏனுங்க சார், மில்லுல குடுத்த ரிப்போர்ட்டுல 80 இருக்குதுங்க. உங்க லேப்புல 73ன்னு போட்டிருக்கீங்க. ஒரே லோடுதானுங்களே? நடுவுல ஏழு எங்கீங்க போச்சு?”

நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையின் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வாசலுக்கு வரும். கேட்கிறவர் குரலில் சந்தேகம் இருக்கும். மில்காரன் ஏற்றிப் போட்டானா, தீவனக்காரன் விலையைக் குறைக்க இறக்கிப் போட்டானா என்ற கணக்கு மனதுக்குள் ஓடும். அன்றைக்கு இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. 80ம் சரி, 73ம் சரி. அது எப்படி என்று சொல்ல அப்போது எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. எழுத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும்.

அந்த எண்ணுக்குப் பெயர் புரதக் கரைதிறன். சோயாப் புண்ணாக்கில் இருக்கும் மொத்தப் புரதத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு கரைகிறது என்பது. சர்க்கரை தண்ணீரில் கரைகிறது என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். புரதம் அப்படியில்லை. எதில் கரைத்தாய், எவ்வளவு நேரம் கலக்கினாய், எவ்வளவு நைசாக அரைத்தாய், கரையாததை எப்படிப் பிரித்தாய் என்று நாலு கேள்வி கேட்காமல் புரதத்தின் கரைதிறனைப் பற்றி ஒரு எண்ணும் சொல்ல முடியாது.

முதலில், கோழித் தீவனம் போடுகிறவருக்கு இந்த எண் எதற்கு? முட்டைக்கோழித் தீவனத்தில் மாவுச்சத்துக்கு மக்காச்சோளம், புரதத்துக்கு சோயாப் புண்ணாக்கு. மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது தாராளம். அதனால் இரண்டும் சேர்ந்தால் கணக்கு நேராகும். ஆனால் சோயாவைப் பச்சையாகப் போட முடியாது. 1917ல் அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற இருவரும் வெள்ளெலிகளுக்குச் சோயாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேகவைத்த சோயா தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. பச்சை சோயா தின்றவை வளரவில்லை. பின்னால்தான் காரணம் தெரிந்தது. குடலில் புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைக் கட்டிப்போடும் ஒரு பொருள் சோயாவுக்குள்ளேயே இருக்கிறது. 1945ல் குனிட்ஸ் என்பவர் அதைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார். அதுவும் ஒரு புரதம்தான். ஆகவே சூட்டில் சாகும்.

மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வரும் புண்ணாக்கு செக்கில் ஆட்டியது அல்ல. சோயாவை அவல்போலத் தட்டி, ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். பிறகு மிஞ்சிய அவலில் ஒட்டியிருக்கும் ஹெக்ஸேனை ஓட்ட நீராவி பாய்ச்சும் ஒரு உயரமான அடுக்குக் கலம் உண்டு. ஹெக்ஸேன் போவதும் அதே இடத்தில், சோயா வேகுவதும் அதே இடத்தில். ஆலையில் அதை டோஸ்டர் என்பார்கள். ஆவி குறைந்தாலோ சரக்கு வேகமாக இறங்கினாலோ வேக்காடு பற்றாது; டிரிப்சினைத் தடுக்கும் பொருள் மிஞ்சும். சரக்கு உள்ளே தங்கிவிட்டால் கருகும். அப்போது லைசின் போய்விடும். தோசை முறுகும்போது பொன்னிறமாகிறதே, அதே வினைதான். புரதத்தின் லைசினும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு பழுப்பாகின்றன. தோசைக்கு அது மணம். கோழிக்கு அது நட்டம். ஒட்டிப்போன லைசினைக் கோழியின் குடல் பிரித்தெடுக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், புரதம் எவ்வளவு என்று அளந்தால் பச்சை, பதம், கருகல் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். பையில் அச்சடித்த புரதச் சதவீதம் வேக்காட்டைப் பற்றி ஒன்றும் பேசாது.

பேச வைப்பதற்குத்தான் கரைதிறன் சோதனை. நாமக்கல் பக்கம் “கே.ஓ.எச். போட்டாச்சா?” என்றால் இதுதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம், அதாவது 0.2 சதவீதமாகக் கரைத்துக்கொள்கிறோம். அரைத்த சோயாவை 1.5 கிராம் நிறுத்து பீக்கரில் போட்டு, 75 மில்லி காரக் கரைசலை ஊற்றி, காந்தக் கலக்கியில் 20 நிமிடம் சுற்றவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் நீர் மஞ்சளாகும். ஓரத்தில் சன்னமாக நுரை கட்டும். தொட்டால் விரலுக்கு வழவழவென்றிருக்கும். காரம் விரலின் எண்ணெய்ப்பசையைச் சோப்பாக்குவதால் வரும் வழவழப்பு அது. (தொட்டுப் பார்க்காதீர்கள், நான் தொட்டுத் திட்டு வாங்கியவன்.) பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் சகதி படிந்ததும் மேலே தெளிந்ததில் 15 மில்லியை பிப்பெட்டால் எடுக்கிறோம். அதில் எவ்வளவு நைட்ரஜன் என்று பார்த்தால் வேலை முடிந்தது.

கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். பலபேர் தாளில் வரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 75 மில்லியில் 1.5 கிராம் என்றால், 15 மில்லி என்பது 0.3 கிராம் சோயாவுக்குச் சமம். புண்ணாக்கின் மொத்தப் புரதம் 46 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த 15 மில்லியை ஜீரணித்து, காய்ச்சி வடித்து, 0.1 நார்மல் அமிலத்தால் டைட்ரேஷன் செய்ததில் 12.6 மில்லி இறங்கியது. ஒரு மில்லிக்கு 1.4 மில்லிகிராம் நைட்ரஜன், ஆக 17.6 மில்லிகிராம். அதை 0.3 கிராமுக்கு வகுத்து, நைட்ரஜனைப் புரதக் கணக்குக்கு மாற்றும் 6.25ஆல் பெருக்கினால் கரைந்த புரதம் ஏறத்தாழ 36.8 சதவீதம் வரும். 46ல் 36.8 என்றால் 80. பியூரெட்டைப் பார்க்கும்போது கண் கொஞ்சம் தாழ்ந்து 0.2 மில்லி பிசகினாலே விடையில் ஒன்றேகால் பாயிண்ட் ஆடும். ஏழு பாயிண்ட் ஆட இன்னும் பெரிய காரணம் வேண்டும்.

நைட்ரஜனை அளக்கும் அந்த வேலை கோபன்ஹேகனில் பிறந்தது. பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க் ஆலை நடத்திய ஆய்வகத்தில், பார்லி முளைவிடும்போது புரதத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க யோஹன் கெல்டால் 1883ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பொருளை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கருத்து, நுரைத்து, கடைசியில் தெளிந்துபோகும். புரதத்தின் நைட்ரஜன் எல்லாம் அமோனியம் உப்பாகிவிடும். அதில் காரம் ஊற்றினால் அமோனியா கிளம்பும். அதைப் பிடித்து அளக்கலாம். இன்றைக்கும் எங்கள் ஆய்வகத்தின் மூலையில் புகைக்கூண்டுக்குள் கொதிக்கிற குழாய்களில் நடப்பது 1883ல் நடந்ததுதான். குழாய்களைச் சுடும் அடுப்பு மின்சாரத்தில் ஓடுகிறது, வடிப்பான் தானாக ஓடுகிறது. மற்றபடி அதே சமையல்.

அதே ஆய்வகத்தில் கெல்டாலுக்குப் பிறகு வேதியியல் பிரிவின் தலைவராக வந்தவர் சோரன்சென். 1909ல் அமிலக் காரத் தன்மையை அளக்க பி.எச். என்ற அளவுகோலைக் கொடுத்தவர் அவர்தான். ஒருவர் நைட்ரஜனை அளக்கச் சொல்லிக்கொடுத்தார். அடுத்தவர் அது எந்தப் புளிப்பில், எந்தக் காரத்தில் கரைகிறது என்று சொல்ல ஒரு கோலைக் கொடுத்தார். கரைதிறன் சோதனையின் இரண்டு காலும் ஒரே பீர்க்காரர் வீட்டில் ஊன்றியிருப்பது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல்.

பி.எச். எதற்கு அவ்வளவு முக்கியம்? அடுப்படியில் பாருங்கள். கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. பாலிலிருந்த கேசின் புரதம் தண்ணீரை விட்டு விலகித் திரண்டுகொள்கிறது. ஒவ்வொரு புரதமும் தன் உடம்பில் நேர்மின்னையும் எதிர்மின்னையும் சுமக்கிறது. காரத்தில் எதிர்மின் ஓங்கும், அமிலத்தில் நேர்மின் ஓங்கும். ஒரே மின்னைச் சுமக்கும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளும். தள்ளிக்கொண்டே இருந்தால் கூட்டம் சேராது, தண்ணீரில் பரவி நிற்கும். நடுவில் ஒரு பி.எச்.சில் இரண்டும் சமமாகி, தள்ளுமுள்ளு நின்றுவிடும். அந்த இடத்தில் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியும். கேசினுக்கு அந்த இடம் 4.6, சோயாப் புரதத்துக்கும் சுமார் 4.5. கரைதிறனை பி.எச்.சுக்கு எதிரே வரைந்தால் கிணறுபோல ஒரு பள்ளம் விழும்: இரண்டு கரையிலும் உயரம், 4.5ல் ஆழம். சோயாப் புரதத்தைத் தனியாகப் பிரிக்கும் ஆலைகள் இந்தக் கிணற்றை வைத்துத்தான் பிழைக்கின்றன. லேசான காரத்தில் கரைத்து நாரை ஒதுக்கிவிட்டு, அமிலம் விட்டு 4.5க்குக் கொண்டுவந்தால் புரதம் தயிர்போலப் படிந்துவிடும். கடையில் வாங்கிய புரதப் பொடியைப் பழச்சாற்றில் கலக்கினால் திட்டுத்திட்டாகிறதே, அதுவும் இதே கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்பதால்தான்.

0.2 சதவீத கே.ஓ.எச். கரைசலின் பி.எச். சுமார் 12.5. கிணற்றிலிருந்து வெகுதூரம். அந்தக் காரத்தில் எதிர்மின் அவ்வளவு ஓங்கியிருக்கும் என்பதால், மடிப்பு கலைந்த புரதம்கூட இழைபிரிந்து கரைந்துவிடும். லேசாக வெந்த சோயா தண்ணீரில் கரைய மறுக்கும்; காரத்தில் மறுக்காது. மறுப்பது எது? சூட்டில் ஒரு இழையும் இன்னொரு இழையும் நிரந்தரமாகத் தைத்துக்கொண்டால், சர்க்கரையோடு பிணைந்துவிட்டால், அதைப் பிரிக்க 20 நிமிடக் காரத்தால் ஆகாது. அது சகதியோடு அடியில் தங்கும். ஆகவே கே.ஓ.எச். எண் குறையக் குறைய, கருகல் கூடுகிறது என்று பொருள்.

இதைக் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சரிபார்த்தவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அரபாவும் டேலும், 1990ல் வெளியிட்டார்கள். ஒரே சோயாவை ஆட்டோக்கிளேவில் வெவ்வேறு நேரம் வேகவைத்து, ஒவ்வொன்றின் கரைதிறனையும் அதைத் தின்ற குஞ்சின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 70க்குக் கீழே போனால் குஞ்சின் வளர்ச்சி அடிபட்டது. தீவனத் தொழிலில் இன்றைக்கு 73லிருந்து 85 வரை பதம் என்கிறார்கள். அதற்கு மேலே ஏறினால் வேக்காடு போதவில்லையோ என்று சந்தேகிக்கிறார்கள். கோழியின் வயிற்றில் கே.ஓ.எச். கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கோழிக்கு இந்தக் கரைதிறன் தேவையே இல்லை. டோஸ்டரில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி சொல்லத்தான் அந்த எண்.

சாட்சிக்கும் ஒரு பக்கம்தான் தெரியும். 85க்கும் 95க்கும் நடுவே, பச்சைக்கும் அரைவேக்காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கே.ஓ.எச். தெளிவாகச் சொல்லாது, ஏனென்றால் இரண்டுமே காரத்தில் கரைந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பார்க்க வேறு ஆளிடம் போக வேண்டும். யூரியேஸ் என்ற நொதி சோயாவில் உண்டு. அதனால் கோழிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் சாகும் சூட்டில்தான் அதுவும் சாகிறது. 0.2 கிராம் சோயாவை யூரியாக் கரைசலில் 30 டிகிரியில் அரைமணி வைத்தால், உயிரோடுள்ள யூரியேஸ் யூரியாவை உடைத்து அமோனியா விடும், பி.எச். ஏறும். 0.05 முதல் 0.2 வரை ஏறினால் வேக்காடு சரி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் யூரியேஸ் செத்துவிட்டபின் எத்தனை மணிநேரம் கருக்கினாலும் அது அதற்கு மேல் சாகாது. பூஜ்யம் என்று வந்தால் வெந்ததா, கருகியதா என்று அது சொல்லாது. பச்சைப் பக்கத்துக்கு ஒரு காவல், கருகல் பக்கத்துக்கு ஒரு காவல் என்று இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருக்கிறது.

நடுவில் நிற்கும் மூன்றாவது ஆள் தண்ணீர். காரம் வேண்டாம், வெறும் தண்ணீரில் எவ்வளவு புரதம் பரவுகிறது என்று பார்ப்பது. 20 கிராம் சோயாவை 300 மில்லித் தண்ணீரில் போட்டு, நிமிடத்துக்கு 8,500 சுற்று ஓடும் பிளெண்டரில் 10 நிமிடம் அடிப்பது ஒரு முறை. இதில் வருவதைப் புரதப் பரவல் எண் என்பார்கள். ஆங்கில எழுத்துச் சுருக்கமாகப் பி.டி.ஐ. இன்னொரு முறை சாந்தமானது: 5 கிராமை 200 மில்லியில், 120 சுற்று வேகத்தில் இரண்டு மணிநேரம் மெல்லக் கலக்குவது. அதன் பெயர் நைட்ரஜன் கரைதிறன் எண். இரண்டும் தண்ணீர்தான், சோயாவும் ஒன்றுதான், ஆனால் பிளெண்டரில் அடித்தது கூடக் கரையும், மெல்லக் கலக்கியது குறையக் கரையும். தண்ணீர் லேசான வேக்காட்டுக்கே சுருங்கிவிடும். அதனால்தான் பச்சைக்கும் பதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பி.டி.ஐ. நன்றாகப் பிடிக்கிறது. கோழிக்குப் போகும் நன்கு வெந்த சோயாவில் இது 15லிருந்து 30 வரை இருக்கும்.

இதே எண் மனிதர் சாப்பிடும் சோயாவில் தலைகீழாகிறது. மாவு ஆலைக்குப் போகும் சோயாவை ஆவியில் வேகவைக்காமல், ஹெக்ஸேனை மட்டும் சட்டென்று ஓட்டி வெள்ளை அவலாக எடுக்கிறார்கள். அதன் பி.டி.ஐ. 70லிருந்து 90 வரை. பாலாக்கவோ புரதத்தைப் பிரிக்கவோ அது கரைந்தாக வேண்டும். நம் ஊர் மளிகைக் கடையில் மீல்மேக்கர் என்று வாங்குவதும் இந்த வெள்ளை அவலின் மாவை நீர் கலந்து சூட்டோடும் அழுத்தத்தோடும் திருகில் தள்ளிப் பொரியவைத்ததுதான். மாவு முன்னாலேயே வெந்து கரைதிறன் செத்திருந்தால் திருகுக்குள் அது இழையாகப் பின்னாது. குருமாவில் பஞ்சுபோல ஊறாது. திருகை விட்டு வந்த மீல்மேக்கரைத் தண்ணீரில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கரையாது. அது குறை இல்லை. கரைதிறனைச் செலவழித்துத்தான் அந்த மென்று தின்னும் தன்மையை வாங்கியிருக்கிறார்கள். பால் பவுடர்காரர்கள் பாடு இன்னும் வேறு: அவர்கள் கரைந்ததை அளப்பதில்லை, 10 கிராமை 100 மில்லியில் கலக்கிச் சுற்றிவிட்டு, அடியில் எத்தனை மில்லி சகதி தங்கியது என்று பார்க்கிறார்கள்.

சகதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கரைந்தது என்று நாங்கள் எழுதுவது உண்மையில் படியாதது. எந்த வேகத்தில் சுற்றினால் படியாதது என்பதைப் பொறுத்தது எல்லாம். நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம். ஆனால் குழாய் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அந்தச் சுற்றில் புவியீர்ப்பைப்போல 815 மடங்கு விசைதான். 17 சென்டிமீட்டர் என்றால் 1,385 மடங்கு. இயந்திரம் மாறினால் எண் மாறும், சுற்று அதேதான். சென்ட்ரிஃப்யூஜே இல்லாத சின்ன ஆலைகளில் துணியிலோ வடிதாளிலோ வடித்துவிட்டு அதையும் அதே பெயரில் எழுதுவார்கள்.

இந்தக் குழப்பம் நாமக்கல்லில் மட்டும் இல்லை. உணவுப் புரதங்களின் கரைதிறனை ஆளுக்கு ஒரு விதமாக அளக்கிறார்கள் என்று சலித்துப்போய், மோர் என்பவரும் கூட்டாளிகளும் 1985ல் பல ஆய்வகங்களைச் சேர்த்து ஒரே முறையை வகுக்கப் பார்த்தார்கள். 0.1 மோலார் உப்புநீர், பி.எச். 7, ஒரு மணிநேரக் கலக்கல் என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டார்கள். நல்ல முயற்சி. ஆனாலும் இன்றைக்கும் ஒரு கட்டுரையில் கரைதிறன் என்று படித்தால் நான் முதலில் செய்முறைப் பகுதிக்குத்தான் போவேன். விடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு, படித்தவர்களே விழுகிறார்கள். கரைவது வேறு, செரிப்பது வேறு. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு தண்ணீரில் ஒரு துளி கரையாது. ஆனால் பச்சை முட்டையைவிட வெந்த முட்டைதான் நன்றாகச் செரிக்கிறது. மடிப்பு கலைந்ததால் நொதிக்கு வெட்டுவதற்கு இடம் கிடைக்கிறது. எதிர்ப்பக்கம், இறகுத் தூள். கெல்டாலில் போட்டால் 80 சதவீதத்துக்கு மேல் புரதம் காட்டும். ஆனால் அழுத்த ஆவியில் உடைக்காத இறகைக் கோழி செரிக்காது. மீன் தூளுக்கும் இறகுத் தூளுக்கும் அதனால்தான் காரம் போடாமல் பெப்சின் போடுகிறோம்: வயிற்றுநீரைப் போன்ற அமிலத்தில் நொதியை விட்டு, 45 டிகிரியில் 16 மணிநேரம் சுழலவிட்டு, மிஞ்சியதை நிறுப்பது. சோயாவின் 73, 85 என்ற எல்லைகளைக் கடலைப் புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த எல்லைகள் சோயாவைத் தின்ற குஞ்சுகள் சொன்னவை. பருத்திக்கொட்டையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

கெல்டால் அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அல்ல. அது எந்த வீட்டிலிருந்து வந்த நைட்ரஜன் என்று அது கேட்காது. யூரியாவில் எடையில் 46.6 சதவீதம் நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கினால் ஒரு கிலோ யூரியா 2.9 கிலோ புரதமாகக் கணக்கில் ஏறும். அதைப் புண்ணாக்கில் தூவிவிட்டால் புரதம் மட்டும் ஏறாது, கரைதிறனும் ஏறும், யூரியா முழுக்க முழுக்கக் கரைவதால். கருகின சரக்கைப் பதமான சரக்காகக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. 2008ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்கள் ஏமாற்றியதும் இந்தக் குருட்டுக் கண்ணைத்தான். அதனால் கரைசலில் உள்ள நைட்ரஜனை மட்டும் நம்பாமல், புரதத்தையே பார்த்து நிறம் மாறும் முறைகளும் வைத்திருக்கிறோம்: ஊதா நிறமாகும் பையூரெட், 1951ல் வந்த லௌரி முறை, 1976ல் வந்த பிராட்ஃபோர்டின் நீலச் சாயம். பால், முட்டை போன்ற சுத்தமான கரைசலில் அவை அழகாக வேலை செய்யும். புண்ணாக்குக் கரைசலின் மஞ்சளும் அதிலுள்ள பீனால் பொருள்களும் குறுக்கே வந்து நிறத்தைக் கெடுக்கும். ஆகவே கெல்டாலைக் கைவிட முடிவதில்லை. பக்கத்தில் யூரியாச் சோதனையையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்.

லாரிக்குத் திரும்புவோம். ஏழு பாயிண்டைத் தேடி அன்றைக்கு நான் மில் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகப் பேசினான். 1.5 கிராம், 75 மில்லி, 20 நிமிடம், எல்லாம் ஒன்றுதான். “எதுல அரைக்கிறீங்க தம்பி?” என்று கேட்டேன். அந்த முனையில் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, “மிக்ஸியில சார்” என்றான். நாங்கள் ஒரு மில்லிமீட்டர் சல்லடை போட்ட அரவையில் அரைத்தோம். அவர்கள் வீட்டு மிக்ஸியில் தூசியாகும்வரை ஓட்டியிருக்கிறார்கள். துகள் நைசாக நைசாகக் காரத்துக்கு எட்டும் முகம் பெருகும். 20 நிமிடத்தில் கூடக் கரையும். சோயாவில் ஒன்றும் மாறவில்லை. எங்கள் சாம்பிளில் ஒரு பிடி எடுத்து நானும் மிக்ஸியில் ஓட்டிப் பார்த்தேன், 79 வந்தது.

ஆனால் அதோடு நான் விடவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை கொதித்துக் கலங்குகிறது, லாரி கலங்குவதில்லை. டோஸ்டர் தொடங்கிய முதல் அரைமணிச் சரக்கும் நிறுத்திய கடைசி அரைமணிச் சரக்கும் பக்கத்துப் பக்கத்து மூட்டையில் இருக்கலாம். குத்தூசியை எடுத்துக்கொண்டு லாரிமேல் ஏறச் சொன்னேன். தலைமாட்டில், நடுவில், பின்னால் என்று எட்டு மூட்டையில் குத்தித் தனித்தனியாகப் போட்டோம். நம் சல்லடையில் 71லிருந்து 77 வரை வந்தது. 71 வந்த மூட்டையின் மாவு உள்ளங்கையில் கொஞ்சம் செம்பழுப்பாக இருந்தது, வறுத்த கடலைமாவு போல. லாரி இறங்கியது; விலையில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். புரோக்கருக்கு முழு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. “மிக்ஸிக்கு ஏழு பாயிண்டுங்களா?” என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அதற்குப் பிறகு நாங்கள் ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் சல்லடை அளவையும் கலக்கிய நேரத்தையும் அச்சடிக்க ஆரம்பித்தோம். இன்னொரு காரியமும் செய்தோம். நல்ல சோயா ஐந்து கிலோ எடுத்து, ஒரே அரவையில் அரைத்து, காற்றுப்புகாத பாட்டில்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதில் ஒரு சாம்பிள் போட்டோம். 78, 77, 79, 78 என்று வாரங்கள் ஓடின. ஒரு திங்கள் 74 வந்தது. சல்லடையைப் பார்த்தோம், கலக்கியைப் பார்த்தோம், அமிலத்தைப் புதிதாகத் தரப்படுத்தினோம், மறுபடியும் 74. கடைசியில் கே.ஓ.எச். பாட்டிலை எடுத்துப் பார்த்தால் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்கண்டுக் கட்டிபோல ஆகியிருந்தன. புதிதாக வாங்கும்போதே அதில் 85 சதவீதம்தான் காரம், மீதி பெரும்பாலும் ஈரம். காற்றுப் பட்டால் இன்னும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துக் கார்பனேட்டாகிவிடும். 2 கிராம் நிறுத்துப் போட்டால் அதில் காரம் எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. புது பாட்டில் பிரித்துக் கரைசல் போட்டோம்; 78 வந்தது. பழைய பாட்டிலைத் தூக்கிப் போடும்முன் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முடி அளவுக்கு ஒரு விரிசல்.